நாலு வருடமாக ஒரே தெரு, ஒருத்தர் பெயரும் தெரியாது: இனி என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இது: இந்தப் பகுதிக்குக் குடிவந்து நாலு வருடம் ஆகிறது, காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு, எதிரே வருகிறவர்களைப் பார்த்துத் தலையசைப்பதோடு சரி, சங்கம், பதவி, மேடை இதெல்லாம் ஒத்துவராது, இருக்கிற வேலையோடு வேலையாக அக்கம்பக்கத்தோடு சேர்ந்திருக்க என்ன செய்யலாம், இனிமேல் ஆரம்பித்தால் ரொம்பத் தாமதமா. இதற்கு வழக்கமாக வரும் பதில் ஒரு பட்டியலாக இருக்கும்: மரம் நடுங்கள், ரத்தம் கொடுங்கள், குப்பை பொறுக்கும் குழுவில் சேருங்கள், பழைய துணியைக் கொடுங்கள். எல்லாமே நல்ல காரியங்கள்தான். ஆனால் இவை அத்தனையும் செய்துவிட்டு, சொந்த மாடிப்படியில் யாருக்கும் தெரியாதவராகவே ஒருவர் இருக்க முடியும்; அப்படி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தபோது எனக்குப் பட்டது, நீங்கள் என்ன சேவை செய்யலாம் என்று கேட்கவே இல்லை. நான் ஒரு வாரம் கண்ணில் படாமல் போனால் இங்கே யாராவது கவனிப்பார்களா என்று கேட்கிறீர்கள். அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

நான் சமூகப் பணி படித்தவன். இருபது வருடத்துக்கு மேல் குடியிருப்புப் பகுதிகளில்தான் வேலை: வாசிப்புக் குழு, பூங்காப் பராமரிப்பு, தனியாக இருக்கும் முதியவர்களைப் போய்ப் பார்த்து வருவது, குடியிருப்போர் சங்கத்துக்குள் சண்டை வந்தால் நடுவில் உட்காருவது. பாதிக்குப் பாதி தோல்வி. தோற்றதையும் தாக்குப்பிடித்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஓர் இடத்தில் ஒட்டிக்கொள்கிறவர்கள் ரொம்ப உற்சாகமானவர்களாகவோ நன்றாகப் பேசுகிறவர்களாகவோ இருப்பதில்லை. எந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று மற்றவர்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள். அவ்வளவுதான் சூட்சுமம். மீதி எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

இதை நான் அனுபவத்தில் மட்டும் சொல்லவில்லை, இதில் ஓரளவு உறுதியான ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் திருமணமான மாணவர்களுக்காக ஒரு குடியிருப்பு கட்டியிருந்தார்கள். அங்கே யார் யாருக்கு நண்பர் என்று லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய இரண்டு சகாக்களும் கேட்டுப் பதிவு செய்து 1950-ல் வெளியிட்டார்கள். ஒரே தளத்தில் அடுத்த வீட்டுக்காரரை நண்பர் என்று சொன்னது 41 சதவீதம். ஒரு வீடு தள்ளியிருந்தால் 22. அதே தளத்தின் இரண்டு கோடிகளில் இருந்தால் வெறும் 10. இத்தனைக்கும் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தால் ஒரு நிமிடம் ஆகாது. எனக்கு அதைவிடப் பிடித்த தகவல் வேறு: கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கும் தபால் பெட்டிக்கும் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் இருந்தார்கள். குணத்தால் இல்லை, வாசல் அமைந்த இடத்தால். தினமும் நாலு பேர் தாண்டிப் போகிற இடத்தில் அவர்கள் இருந்தார்கள். உங்கள் வாசலை நகர்த்த முடியாது, ஆனால் நீங்கள் நிற்கிற இடத்தை நகர்த்தலாம்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் 2018-ல் ஒரு கணக்கு போட்டார்: வெறும் முகப்பழக்கம் சாதாரண நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரம், நல்ல நட்பாக 90, நெருங்கிய நட்பாக 200-க்கு மேல். இந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களிடமும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் கேட்டது, நேரத்தையும் அவர்களே நினைவிலிருந்து சொன்னது. ஆனால் அதன் அளவு உதவும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் 50 மணி நேரத்துக்கு 300 நாள் வேண்டும். ஆகவே மூன்று வாரம் முயற்சி செய்துவிட்டு 'இங்கே யாரும் பழக மாட்டேன் என்கிறார்கள்' என்று சொல்கிறவர்கள் கணக்கில் தவறு செய்கிறார்கள், ஆட்களில் ஒன்றும் தவறில்லை. நீங்கள்கூட நாலு வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலு வருடத்தில் மொத்தம் எத்தனை மணி நேரம் யாரோடாவது பேசியிருப்பீர்கள் என்று கூட்டிப் பாருங்கள். இரண்டு மணி நேரம் தேறினால் அதிகம்.

ஒரு பூங்காவைப் பற்றிச் சொல்கிறேன். முதல் கூட்டத்தில் நாற்பது பேர் பெயர் கொடுத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வந்து செடிக்குத் தண்ணீர் விட்டுச் சருகு கூட்டுவதாக ஏற்பாடு. இரண்டாவது வாரம் பதினோரு பேர். ஆறாவது வாரம் மூன்று பேர், அதில் ஒருவன் நான், சம்பளத்துக்கு வந்தவன். மண்வெட்டி, பூவாளி, துடைப்பம் எல்லாம் ஒரு சின்னத் தகரக் கொட்டகையில் பூட்டி வைத்திருந்தோம். சாவியை யாராவது ஒருத்தர் வைத்திருக்க வேண்டுமே என்று அறுபது வயது தாண்டிய ஓர் அம்மாவிடம் கொடுத்தோம். முழங்கால் வலி, குனிந்து எந்த வேலையும் செய்ய முடியாது, ஆனால் வீடு பூங்காவுக்கு எதிரே. அவர் செய்தது இவ்வளவுதான்: ஆறரைக்கு வந்து திறப்பார், எட்டு மணிக்கு வந்து பூட்டுவார், நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அந்தத் தெருவில் யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் வீடு காலி செய்கிறார்கள், எந்தப் பையனுக்குக் கணக்கு வரவில்லை எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. சாவி வாங்க வந்தவர்கள், கொடுக்க வந்தவர்கள், 'சாவி உங்ககிட்டயாம்மா?' என்று கேட்டு வந்தவர்கள், இப்படியே. ஓடியாடி வேலை செய்த என்னை அந்தத் தெருவில் பாதிப் பேருக்குப் பெயர் சொல்லித் தெரியாது.

அதிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: மற்றவர்கள் தேடி வரும்படியான ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வேலை வேண்டாம். பொதுச் சாவி, ஏணி, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுச் சொல்வது, அறிவிப்புப் பலகையில் பழைய தாளைக் கிழித்துப் புதியதை ஒட்டுவது, நூலகத்தில் வாரம் ஒரு மணி நேரம் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் உட்காருவது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் ஒரு பதவியில் இருக்கிறவரைவிடப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவரிடம்தான் மனிதர்கள் இயல்பாகப் பேசுவார்கள். உங்களைப் போலக் கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது இன்னும் வசதி. பேச்சை நீங்கள் ஆரம்பிக்க வேண்டியதில்லை, அவர்களே ஒரு காரணத்தோடு வருவார்கள்.

எடுக்கிற வேலை எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் ஒரு கசப்பான அளவுகோல் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் குடியிருந்த கட்டடத்திலேயே சனிக்கிழமை மாலை குழந்தைகளுக்குக் கதை படிக்கிறேன் என்று ஆரம்பித்தேன். பாய், புத்தகங்கள், வண்ண அட்டை, ஏகப்பட்ட ஆர்ப்பாட்டம். ஐந்து வாரம் நடந்தது. ஆறாவது வாரம் வேலை, ஏழாவது வாரம் வெளியூர், எட்டாவது வாரம் சோம்பல் என்பதுதான் உண்மை. ஒரு சனிக்கிழமை மாலை கதவைத் திறந்தால் ஏழு வயதுப் பெண் ஒருத்தி தண்ணீர் பாட்டிலோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். போன வாரமும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாளாம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் நான் எதைச் சொன்னாலும் பெரியவர்கள் 'பார்க்கலாம்' என்றே சொன்னார்கள், நியாயம்தான். உங்களுடைய மிக மோசமான வாரத்தில், உடம்பு சரியில்லாமல் ஆபீஸிலும் நெருக்கடியாக இருக்கிற வாரத்தில், எதைச் செய்ய முடியுமோ அந்த அளவு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். நல்ல வாரத்தில் கூடச் செய்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது கேட்பது. உதவி செய்வதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், கேட்பதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நான் ஒரு வீட்டில் ஆறு வருடம் இருந்தேன். எல்லோருக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன், ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவேன், ஆனால் யாரும் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததில்லை. ஒருநாள் கணுக்கால் பிசகிப் படி இறங்க முடியாமல் போனது. கீழ்வீட்டுக்காரரிடம் அவர் அப்பா பயன்படுத்திய கைத்தடி இருக்குமா என்று கேட்டேன். தடியைக் கொண்டுவந்தவர் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசினார், அவர் அப்பாவைப் பற்றி. ஆறு வருடத்தில் நடக்காதது அது. எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்கிறவனிடம் மற்றவர்களுக்கு ஒரு கடன்பட்ட கூச்சம் இருக்கும்போலும்; நாமும் ஒன்று வாங்கினால்தான் அது தீருகிறது. கேட்டால் இல்லை என்றுவிடுவார்களோ என்கிற பயமும் பெரும்பாலும் வீண். வனெஸ்ஸா போன்ஸும் ஃபிராங்க் ஃபிளினும் 2008-ல் வெளியிட்ட சோதனையில், முன்பின் தெரியாதவர்களிடம் ஐந்து கேள்வித்தாள்களை நிரப்பி வாங்க வேண்டும். எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று முன்னாலேயே கேட்டால் சுமார் 20 என்றார்கள், போய்க் கேட்டபோது சுமார் 10 பேரிலேயே வேலை முடிந்தது. அந்தச் சோதனை அமெரிக்க மாணவர்களை வைத்து நடந்தது என்பது உண்மைதான், ஆனாலும் திசை சரியென்றே என் அனுபவமும் சொல்கிறது. ஏணி, சுத்தியல், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப், இதுபோல் திருப்பிக் கொடுக்கிற பொருளாகக் கேளுங்கள். திருப்பிக் கொடுக்கப் போகும்போது இரண்டாவது சந்திப்பும் கிடைக்கிறது. கடனாகப் பணம் கேட்பது இந்தக் கணக்கில் வராது, அது வேறு விளையாட்டு.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கண்டிப்பாக ஒன்றில் இருப்பீர்கள். அதில் இருப்பது சேர்ந்திருப்பது ஆகாது. ஆனால் சரியாகப் பயன்படுத்தினால் வாசல் மாதிரி உதவும். அதில் தவறாமல் நடக்கிற ஒரு கூத்து உண்டு: 'யாராவது உதவ முடியுமா' என்று ஒருத்தர் எழுதுவார், இருநூறு பேர் படிப்பார்கள், ஒரு பதிலும் வராது. உடனே 'மனிதாபிமானமே செத்துவிட்டது' என்று இன்னொருத்தர் புலம்புவார். மனிதாபிமானமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. 1968-ல் ஜான் டார்லியும் பிப் லத்தானேவும் செய்த சோதனையில், பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் காதில் மாட்டிய ஹெட்போனில் கேட்கச் செய்தார்கள். தான் ஒருவர்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவி கேட்டு எழுந்து போனார்கள். இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். கூட்டம் கூடக்கூட ஒவ்வொருவரும் 'வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று விட்டுவிடுகிறார்கள். ஆகவே 'யாராவது' என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். 'மூன்றாவது மாடி அண்ணா, நாளைக் காலை ஏழு மணிக்கு ஒரு பீரோவை நகர்த்த ஒரு கை பிடிக்க முடியுமா? பத்து நிமிட வேலை' என்று எழுதிப் பாருங்கள். ஆள், வேலை, நேரம் மூன்றும் இருந்தால் பதில் வரும். அதேபோல் மற்றவர்கள் 'யாராவது' என்று கேட்டால், 'நான் ஆறரைக்கு வரேன்' என்று நேரத்தோடு முதல் பதிலை எழுதுகிறவராக இருங்கள். மாதத்துக்கு ஒரு தடவை போதும். காலை வணக்கப் படங்களை முந்நூறு நாள் அனுப்புவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

பொதுக் காரியம் என்று பார்த்தால், எரியாத தெருவிளக்கைப் புகார் செய்வது எனக்குத் தெரிந்து மிகச் சுலபமான, மிகக் குறைவாகச் செய்யப்படுகிற பங்களிப்பு. எல்லோரும் அதன் கீழே நடக்கிறார்கள், எல்லோரும் வேறு யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறார்கள், அதே 31 சதவீதக் கதைதான். கம்பத்தின் எண், எத்தனை நாளாக எரியவில்லை, ஒரு படம் இவற்றோடு புகார் கொடுத்து, கிடைத்த புகார் எண்ணைக் குறித்து வைத்து, பத்து நாள் கழித்து அதே எண்ணைச் சொல்லி மறுபடி கேளுங்கள். அந்த இரண்டாவது தடவையை யாரும் செய்வதில்லை. 'நம்ம தெருவில் விளக்கு எரியவில்லை' என்று மொட்டையாகச் சொன்னால் அந்த ஊழியருக்கு எந்தக் கம்பம் என்றே தெரியாது. விளக்கு எரிந்த பிறகு அந்த ஊழியருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். அடுத்த புகாருக்கு உங்கள் குரல் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

சங்கம் ஒத்துவராது என்றீர்கள், சரி. பதவிக்குப் போகவே வேண்டாம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூட்டத்துக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து, முடிந்தால் கூட்டக் குறிப்பை எழுதிக் கொடுங்கள். குறிப்பு எழுதுகிறவரை யாரும் எதிரியாகப் பார்ப்பதில்லை, யார் எதை ஒத்துக்கொண்டார்கள் என்பதும் எழுத்தில் நிற்கிறது. பொதுவான தண்ணீர், இடம், வண்டி நிறுத்துமிடம் இவற்றில்தான் சண்டை வரும். 2009-ல் பொருளாதார நோபல் வாங்கிய எலினார் ஆஸ்ட்ரம், உலகம் முழுக்க மக்களே நடத்துகிற பாசனம், காடு, மீன்பிடித் துறைகளை ஆராய்ந்தவர். நெடுநாள் நீடித்த இடங்களில் விதியைப் போடுவதில் பயன்படுத்துகிறவர்களுக்கே பங்கு இருந்தது, மீறினால் முதல் தண்டனை சின்னதாக இருந்தது என்று கண்டார். எடுத்த எடுப்பில் அபராதம், தண்ணீரைத் துண்டிப்பது என்று போகிற சங்கங்கள் உடைவதை நானே இரண்டு மூன்று இடத்தில் பார்த்துவிட்டேன். இதில் ஒரு சாதாரண உறுப்பினர் செய்யக்கூடியது, 'முதல் தடவை சொல்லி மட்டும் விடலாமே' என்று கூட்டத்தில் ஒரு வாக்கியம் சொல்வது. அது போதும், உட்கார்ந்துவிடலாம்.

இப்படி மேலோட்டமாக நாலு பேரைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். 1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெப்ப அலையில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்தார்கள், நிறையப் பேர் வீட்டுக்குள் தனியாக இருந்த முதியவர்கள். எரிக் கிளைனன்பர்க் என்ற சமூகவியலாளர் அடுத்தடுத்து இருந்த இரண்டு ஏழைப் பகுதிகளை எடுத்துக்கொண்டார். நார்த் லான்டேலில் லட்சத்துக்கு 40 பேர், பக்கத்திலேயே இருந்த சவுத் லான்டேலில் லட்சத்துக்கு 4 பேருக்கும் குறைவு. இரண்டாவது பகுதியில் தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது, வயதானவர்கள் வெளியே வந்து போக இடமும் காரணமும் இருந்தது என்பது அவர் சொன்ன விளக்கம். இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும்: எண்ணில் சண்டை இல்லை, விளக்கத்தில் சண்டை இருக்கிறது. மிட்செல் டுனயர் என்ற இன்னொரு சமூகவியலாளர், இறந்தவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரிக்காமல் பகுதியின் குணத்தை வைத்து இப்படி முடிவு சொல்ல முடியாது என்று மறுத்தார். அதே வருடம் ஜனவரியில் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் இடிபாட்டுக்குள்ளிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்களைத் தூக்கியது குடும்பத்தாரும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான்; மீட்புப் படை வருவதற்குள் அவர்கள்தான் அங்கே இருந்தார்கள். இதில் பெரிய சர்ச்சை இல்லை. எந்த அறையில் யார் தூங்குவார்கள் என்று தெரிந்தவருக்குத்தான் எங்கே தோண்டுவது என்று தெரியும்.

ஆனால் 'சமூகத்தோடு சேர்ந்திருந்தால் ஆயுள் கூடும்' என்று பரவுகிற செய்திகளைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அமெரிக்காவில் 50 வயது தாண்டிய ஏறக்குறைய 13,000 பேரைத் தொடர்ந்து பார்த்து 2020-ல் வந்த ஓர் ஆய்வு, வருடத்துக்கு 100 மணி நேரமாவது தன்னார்வப் பணி செய்தவர்களிடம் அடுத்த நாலு வருடத்தில் இறப்பு குறைவாக இருந்தது, மனநிலையும் மேலாக இருந்தது என்றது. அதே ஆய்வில் சர்க்கரை, ரத்த அழுத்தம், பக்கவாதம் போன்றவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. தவிர, உடம்பு நன்றாக இருக்கிறவர்தானே வெளியே வந்து வேலை செய்வார். எது காரணம், எது விளைவு என்பதை இதுபோன்ற ஆய்வில் முழுதாகப் பிரிக்க முடியாது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மாத்திரை மாதிரி வேலை செய்யும் என்று நினைத்து இறங்காதீர்கள். உங்கள் கேள்வியின் நடுவில் 'எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் சரியில்லை' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது பல வாரங்களாக நீடிக்கிறது என்றால் முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். பூங்காவுக்கு அப்புறம் போகலாம்.

என் அனுபவத்துக்கும் எல்லை உண்டு. நான் பார்த்தது பெரும்பாலும் நெருக்கமான, மாடி வீடுகள் உள்ள பகுதிகள். வீட்டுக்கு வீடு அரை மைல் இருக்கிற இடத்தில் மாடிப்படி யோசனை எடுபடாது. இன்னொன்று, எல்லாத் தெருவும் எல்லோரையும் சேர்த்துக்கொள்வதில்லை. யார், எங்கிருந்து வந்தவர், தனியாக இருக்கும் பெண்ணா, வாடகைக்காரரா என்று பார்த்து ஒதுக்குகிற இடங்கள் இருக்கின்றன. அங்கே நீங்கள் எத்தனை சாவி வைத்திருந்தாலும் ஓரளவுக்கு மேல் நடக்காது, அது உங்கள் குறை அல்ல. அப்படியானால் வீட்டைச் சுற்றித்தான் என்றில்லை, வேலைக்குப் போகும் வழியில் உள்ள நூலகமோ மைதானமோ உங்கள் இடமாக இருக்கட்டும். பெண்களாக இருந்தால் முதல் சில மாதங்கள் நாலு பேர் நடமாடுகிற வெளிச்சமான பொது இடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது, வீட்டுக்குள் அழைப்பதும் போவதும் பிறகு பார்க்கலாம். அப்புறம், அறிமுகம் ஆன முதல் வாரத்திலேயே அடுத்தவர் வீட்டு வம்பை உங்களிடம் கொட்டுகிறவர் ஒருத்தர் எல்லாத் தெருவிலும் இருப்பார். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அடுத்த வாரம் உங்கள் வம்பு வேறு வாசலில் இருக்கும்.

உங்கள் நாளுக்கு வருகிறேன். காலையில் ஏழே முக்காலுக்குக் கிளம்புகிறேன், படியிறங்கும்போது ஒரு பெரியவர் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார், ஒருநாளும் பேசியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து நிமிடம் முன்னால் கிளம்புங்கள், காதிலிருக்கும் இயர்போனை வாசல் தாண்டிய பிறகு மாட்டுங்கள். முதல் வாரம் ஒன்றும் பேச வேண்டாம், நின்று ஒரு வணக்கம். அப்புறம் அந்தச் செடியைப் பற்றி ஒரு கேள்வி. இலை ஏன் மஞ்சளாகிறது என்று கேட்டால் செடி வளர்க்கிற எந்த மனிதரும் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம், ஒரே இடம், ஒரே நேரம், எதுவானாலும். இது மட்டும் போதும், மேலே நான் சொன்னதை எல்லாம் ஒரே மாதத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

நாலு வருடம் தலையசைத்துவிட்டு இப்போது போய்ப் பெயர் கேட்க வெட்கமாக இருக்கிறது என்பதுதான் உங்கள் கடைசி வரி. எனக்குத் தெரிந்த ஒருத்தர் ஒன்பது வருடம் கழித்துக் கேட்டார். கேட்கிற வாக்கியத்தை அப்படியே தருகிறேன், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'ஐயா, நாலு வருஷமா தினமும் பார்க்கிறோம், இன்னும் உங்க பேர் கேட்டுக்கவே இல்லை, தப்பா நினைச்சுக்காதீங்க.' சொல்லிவிட்டு உங்கள் பெயரை முதலில் சொல்லுங்கள். அந்த ஒன்பது வருடக்காரருக்குக் கிடைத்த பதில், 'அட, நானும் கேட்கணும்னுதான் இருந்தேன், நீங்க என்ன நினைப்பீங்களோன்னு விட்டுட்டேன்.'